ட்ரெவர் டிரம்மின் ஏழு ஓட்டைகள்

1.

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பழைய கம்பள ஆலை ஒன்றின் இரண்டாவது மாடியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் நெவில் ஹோல்ராய்ட் பழைய டிரம்களைச் சீர்செய்கிறார். நடுவில் இருப்பது ஒட்டுப்பலகைச் சுவர். அவர் தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் "நூறு" என்பேன். அப்படியென்றால் என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

முதலில் நான் எழுதிய தொடக்கம் இது:

அறுபது வருடப் பழைய மரக்கூட்டின் வழியே வெளிச்சம் ஏழு கோடுகளாக இறங்கி

அடித்துவிட்டேன். ஓட்டையைக் கண்டவுடன் வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு வருவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். நெவிலின் அறையில் எரிவது குழல்விளக்கு. அது எந்த ஓட்டை வழியாகவும் இறங்காது.

இரண்டாவது தொடக்கம்:

டிரம் என்பதும் மனிதனைப் போலத்தான், உள்ளே காலியாக

இதை ஏன் அடித்தேன் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினேன். அதாவது நெவில் எப்படித் திட்டுவார் என்பதிலிருந்து.

2.

நெவிலிடம் வருகிற டிரம் எதுவும் செய்தபோது இருந்ததுபோல வருவதில்லை. நாலைந்து பேர் கை மாறியிருக்கும்; ஒவ்வொருவரும் ஏதாவது பண்ணியிருப்பார்கள். ஒன்றில் கதவுக் கைப்பிடியைத் திருகி வைத்திருந்தார்கள். ஒன்றின் உட்புறம் முழுக்க 1971-ஆம் வருடக் குதிரைப் பந்தயப் பக்கங்களைத் தேதி மாறாமல் ஒட்டியிருந்தார்கள். இன்னொன்றின் வயிற்றில் பித்தளைக் கீல் போட்ட சின்னக் கதவு. திறந்தால் உள்ளே எதுவுமில்லை. பளபளவென்று முத்து வெள்ளையில் இருந்த ஒன்றுக்கு யாரோ சமையலறைச் சுவருக்கு அடிக்கிற பச்சையை அடித்திருந்தார்கள். ஏன்? கேட்பதற்கு ஆள் கிடையாது. பண்ணினவர் செத்திருப்பார், அல்லது எப்போதோ விற்றுவிட்டு மறந்திருப்பார்.

ஆகவே திட்டுவதுதான் மிச்சம். டிரம் மேசைக்கு வந்ததும் நெவில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆரம்பிப்பார். "எந்த மடப்பய பண்ணின வேலைடா இது? இவனுக்கெல்லாம் யார் கையில ஸ்க்ரூடிரைவரைக் குடுத்தது?" கொண்டுவந்தவரும் கூடச் சேர்ந்து திட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நானும் ஒரு வரி சேர்ப்பேன். இந்தத் தொழிலில் எல்லாப் பட்டறையிலும் இது உண்டு என்று நெவில் சொல்லியிருக்கிறார். வந்தவரிடம் மழை எப்படி என்று கேட்பது போல இதுவும் ஒரு மரியாதை. திட்டு வாங்குகிறவர் அங்கே இல்லை, யாருக்கும் வலிக்காது என்ற நம்பிக்கையில் நடக்கிறது.

3.

[இனிமேல் கதை. இதற்குள் நெவிலை "அவன்" என்கிறேன். எழுபத்தொரு வயதுக்காரரை நேரில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் "அவர்" என்று எழுதும்போதெல்லாம் என் கை அவரைக் காப்பாற்றப் பார்க்கிறது.]

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெனீன் ஒரு பெரிய டிரம்மைப் போர்வையில் சுற்றிக் கட்டிப்பிடித்தபடி படியேறி வந்தாள். நாற்பத்தாறு வயது, பேருந்து நிலைய அலுவலகத்தில் வேலை. நெவில் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாத்து கண்ணு, நெலைல இடிச்சிறாத. இங்க வை. மூச்சு வாங்குது பாரு. டீ போடட்டா?"

"அப்புறம் குடிக்கிறேன். முதல்ல இதப் பாருங்க."

போர்வையை எடுத்தாள். அறுபதுகளில் செய்த டிரம், கறுப்பு முத்து நிறம். நெவில் மெல்ல விசிலடித்தான். பிறகு அதைத் திருப்பினான். மேல்புறம் ஒரு பக்கம் மூன்று ஓட்டைகள். மறுபக்கம் கோணல்மாணலாக மூன்று, அதற்குப் பக்கத்தில் பாதியில் விட்ட இன்னொன்று, அதிலிருந்து ஒரு விரிசல். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"அடப்பாவி மனுசா! கசாப்புக் கடைக்காரன் கைல குடுத்தாங்களா இத? அந்தப் பக்கம் மூணு, அது பத்தாதுன்னு இந்தப் பக்கம் நாலு. ஒண்ணாச்சும் நேரா இருக்கா பாரு. ஒரு கைல புட்டி, ஒரு கைல டிரில்லு. அப்பிடித்தான் போட்டிருப்பான்."

ஜெனீன் சிரிக்கவில்லை.

"அப்ப குடிச்சிட்டுத்தான் போட்டிருக்காங்கன்னு சொல்றீங்களா?"

"பின்ன? நெதானத்துல இருக்கிறவன் போடுற ஓட்டையா இது?"

"நிச்சயமா சொல்ல முடியுமா?"

"கண்ணு, நாப்பது வருசமா ஓட்டை பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இது எங்கப்பாவோடது. குடிச்சே எல்லாத்தையும் நாசம் பண்ணினாருன்னு அம்மா சொல்லுவாங்க. போதையில நல்ல டிரம்மைக்கூட ஓட்டை போட்டு வெச்சாரு, அந்த மனுசன்கிட்ட உன்னை எப்பிடி விடுறதும்பாங்க. எனக்கு ஆறு வயசுல லீட்ஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் லெட்டர் போடுவாரு, நான் பதில் போட்டதில்ல. செத்தப்பவும் போகல. போன மாசம் அத்தை தவறிட்டாங்க, அவங்க பரண்ல இருந்துச்சு இது. நெசமாவே ஓட்டை இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. சரி, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுவோம், ஒருவேளை வேற ஏதாச்சும் காரணம் இருக்கும்னு…" நிறுத்தினாள். "பரவால்ல. தெரிஞ்சுபோச்சு."

நெவில் அதற்குள் கைவிளக்கை உள்ளே பிடித்திருந்தான். மூன்று ஓட்டைகளுக்கு நடுவே, மரத்தில், பென்சிலால் "வலது" என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. அது அவன் கையெழுத்து. இருபத்தொன்பது வயதில் அவன் எழுதியது.

"உங்கப்பா பேரு?" என்றான், கேட்கத் தேவையில்லாமல்.

"ட்ரெவர் பாரக்ளோ. தெரியுமா உங்களுக்கு?"

"கேள்விப்பட்ட மாதிரி இருக்கு."

"எல்லாத்தையும் அடைச்சிடுங்க. ஓட்டை இருந்துச்சுன்னே தெரியக் கூடாது."

"அடுத்த வாரம் வியாழக்கிழமை வா கண்ணு" என்றான். தேநீர் போட மறந்துபோனான்.

4.

1983-க்குப் போக வேண்டும். அந்த வருடத்தை அப்படியே கண்முன் நிறுத்த முயன்று மூன்று பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ட்ரெவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வாரநாட்களில் கம்பள ஆலையில் இயந்திரம், ஞாயிறுகளில், தொழிலாளர்கள் குடித்தபடி பாட்டுக் கேட்கும் மன்றத்தில் டிரம். வாரம் ஒரு பாடகர் வெளியூரிலிருந்து வருவார்; அவருக்குப் பின்னால் வாசிக்க மன்றத்துக்கென்று ஒரு ஆர்கன்காரரும் டிரம்காரரும். ஊரில் டிரம் பிடித்தவன் எல்லோருக்கும் அந்த நாற்காலிமேல் கண். நெவிலுக்கும்தான். ட்ரெவர் வராத நாளில் உட்காருவதற்கு நெவில் மாற்று ஆள். ஆறு வருடமாக வாராவாரம் முதல் வரிசை மேசையில் உட்கார்ந்திருந்தான். ட்ரெவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

மார்ச் மாதம் ஒரு காலை, வீட்டில் தனியாக இருந்தபோது ட்ரெவரின் இடதுகை விழுந்துவிட்டது. மத்தியானத்துக்குள் முக்கால்வாசி திரும்பி வந்தது. மிச்சம் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போடா" என்றான் நெவில்.

"போனா எழுதி வெப்பான். எழுதி வெச்சா மில்லுல மெசின்கிட்ட விடமாட்டானுங்க. பாதிப் பேரை எப்ப அனுப்பலாம்னு பாத்துட்டிருக்கானுங்க, நானே போய்த் தலையை நீட்டவா? வீட்ல ப்ரெண்டாகிட்டகூட மூச்சு விட்றாத."

"எப்பிடிடா வாசிப்ப?"

"இடதுகைக்கு வேலை இல்லாமப் பண்ணிட்டா போதும். பெரிய டிரம் மேல சின்ன டிரம் நிக்குதுல்ல, அந்தத் தாங்கியை வலப்பக்கம் தள்ளி மாட்டிரு. எல்லாத்தையும் வலதுகையாலயே பாத்துக்கிறேன். என்னால டிரில்லைப் புடிக்க முடியாது. நீதான் போடணும்."

சனிக்கிழமை மத்தியானம் நெவில் போட்டான். கால்கள், கம்பிகள், தோல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்கூட்டை நிறுத்தினான். கழற்றிவிட்டால் முன்புறம் எது, பின்புறம் எது என்று டிரம்முக்கே தெரியாது. வாசிக்கிறவனுக்கு வலதாக இருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இடது. நெவில் அந்த டிரம்மை ஆறு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தவன். பென்சிலால் "வலது" என்று எழுதி வட்டம் போட்டு மூன்று ஓட்டை போட்டான். அது ட்ரெவரின் இடது.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு நிகழ்ச்சி. பதினொன்றரைக்கு மேடையில் மாட்டும்போதுதான் தெரிந்தது. இருவரும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு பீர்ப் பீப்பாய்கள் வைக்கும் நிலவறைக்கு ஓடினார்கள். அவசரத்தில் முதல் ஓட்டை இடம் தவறிக் கூடு விரிசல்விட்டது. அடுத்த மூன்றும் கோணல்.

"நிக்குமாடா?"

"நிக்கும் நிக்கும். நீ மேல வா" என்றான் ட்ரெவர். சிரித்தபடிதான் சொன்னான்.

மூன்றாவது பாட்டில் சின்ன டிரம் மெதுவாகத் தலை குனிந்தது. கூட்டம் சிரித்தது. ட்ரெவர் அதைப் பிடிக்க இடதுகையை அனுப்பினான், கை போகவில்லை. குச்சி நழுவி, பாடிக்கொண்டிருந்த பெண்ணின் காலடிக்கு உருண்டது. சரியில்லாத நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தி ஆளை அனுப்பிவிட மன்றச் செயலாளருக்கு உரிமை உண்டு. செயலாளர் சிரில் மைக்கைப் பிடித்தார்.

"என்னப்பா ட்ரெவர், என்ன ஆச்சு உனக்கு?"

ட்ரெவர் எழுந்து நின்றான். முன்வரிசையில் நெவிலைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"மன்னிச்சுக்குங்க மக்களே. நேத்து கொஞ்சம் ஓவராயிருச்சு."

கைதட்டல், விசில், சிரிப்பு. குடிகாரனை அந்த ஊர் மன்னிக்கும். "வீட்டுக்குப் போய்ப் படு. நெவில், நீ ஏறு" என்றார் சிரில். நெவில் ஏறினான். பத்தொன்பது வருடம் இறங்கவில்லை.

ட்ரெவருக்கு அதன் பிறகு சொன்னதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நடை தடுமாறினால் காரணம் வேண்டும், கோப்பை கைநழுவினால் காரணம் வேண்டும். முதலில் சட்டையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டான். பிறகு நிஜமாகவே குடித்தான். ப்ரெண்டா மகளோடு போனாள். 1987 குளிர்காலத்தில் இரண்டாவது முறை விழுந்தது கை மட்டுமல்ல. மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

5.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. நெவிலும் டிரம் வாசிக்கிறவன். தன் வீட்டில் தன் டிரம்முக்குப் பின்னால் தினமும் உட்காருகிறவன். அவனுக்கா வலது இடது தெரியாது?

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். தவறுதலாகப் போட்டான் என்று எழுதினால் அவன் பாவம். வேண்டுமென்றே போட்டான் என்று எழுதினால் கதைக்கு வேகம் வருகிறது. அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது என்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"எனக்கே தெரியல, ஃபிரேம்காரரே" என்றார். "நாப்பத்திரெண்டு வருசமா அந்தச் சனிக்கிழமைய ஓட்டி ஓட்டிப் பாக்கிறேன். செல நாள் தெரியாமப் போடுறேன். செல நாள் தெரிஞ்சே போடுறேன். ரெண்டுலயும் பென்சில் அதே பென்சில்தான்."

ஆகவே நானும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதியில் ஒரு வரியை விட்டுவிட்டேன். "ஒரு கைல புட்டி, ஒரு கைல டிரில்லு" என்று நெவில் சொன்னதும், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கத்தியது: "புட்டி ஒண்ணு இல்ல நெவில், ரெண்டு!"

அது நான். நான் வெறுமே ஒட்டுக்கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

6.

அந்த வியாழக்கிழமைக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முதலாவது: நெவில் சொல்லிவிடுகிறான். "கண்ணு, உக்காரு. நான் சொன்னது பொய். உங்கப்பா அன்னிக்கி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. அந்த ஓட்டையப் போட்டது நான். அவருக்குக் கை வெளங்கல, அத மறைக்கத்தான்" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். நன்றாகப் பேசுகிறான். அதுதான் கோளாறு. நாற்பத்திரண்டு வருடம் வாயைத் திறக்காதவன் இவ்வளவு கோர்வையாகப் பேச மாட்டான். ஜெனீன் அழுகிறாள், பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு

இல்லை. பிடிக்க மாட்டாள். "அப்ப அவர் நாற்காலியில யார் உக்காந்தது?" என்று கேட்பாள். நெவிலுக்கு அந்தக் கேள்வியிடம்தான் பயம்.

இரண்டாவது: ஒரு கடிதம் எழுதி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுகிறான், என்றைக்காவது யாராவது திறந்தால்… இதை எழுதிய அன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. என்றைக்காவது என்பது எவ்வளவு சௌகரியமான நாள்.*

மூன்றாவது, நடந்தது. நெவில் ஒன்பது நாள் வேறு வேலை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும் அதே காலத்து மரத்தில், அதே ரேகை ஓட்டத்தில் அடைப்பு செதுக்கினான். விரிசலுக்குப் பசை விட்டு இறுக்கினான். அதே கறுப்பு முத்துத் தகடு தேடி ஒட்டினான். உட்புறம் "வலது" என்றிருந்ததை உப்புத்தாளால் தேய்த்து, புதிதாகத் தெரியாமலிருக்கச் சாயம் தடவினான். சாப்பாட்டு நேரத்தில் வாங்கிவந்த பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

ஜெனீன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள்.

"ஒண்ணுமே தெரியலையே!"

"அதான் கண்ணு வேலை."

"நீங்க இல்லன்னா இதத் தூக்கிப் போட்டிருப்பேன்" என்று அவனைக் கட்டிக்கொண்டாள். நெவில் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். அவன் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான். பலகை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* அடிக்குறிப்பு: அந்தக் கடிதத்தை அவர் எழுதவில்லையா என்று கேட்டேன். நாலு தடவை எழுதினாராம். ஒவ்வொன்றும் "அன்புள்ள ஜெனீன், உங்க அப்பா ஒரு நல்ல" என்பதோடு நிற்கிறது.

7.

மறுநாள் வெள்ளிக்கிழமை நெவில் தேநீர்க் கோப்பையோடு என் கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மேலே நான்காம் பகுதியில் இருப்பது அதுதான். சொல்லி முடித்துவிட்டு, "நீ கதை எழுதுவல்ல?" என்றார். "இத எழுது. எழுதி அவகிட்ட குடுத்துரு. என் வாயால வராது."

சரி என்றேன். சரி என்பதைச் சொல்ல எனக்கு எப்போதும் சிரமமே இருந்ததில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்பார். "முடிவு இன்னும் சரியா வரல" என்பேன். இப்படியே ஐந்து மாதம்.

போன வாரம் ஜெனீன் வந்தாள், இந்த முறை என்னிடம். ஒரு பழைய புகைப்படம். மன்ற மேடையில் கறுப்பு முத்து டிரம். அதற்குப் பின்னால் ட்ரெவர். அவர் மடியில் மூன்று வயது ஜெனீன், கையில் குச்சி. ட்ரெவரின் இடதுகை அவள் வயிற்றை அணைத்திருக்கிறது. அந்தக் கை அப்போது நன்றாக இருந்தது.

"அம்மா எல்லாத்தையும் எரிச்சுட்டாங்க. இது ஒண்ணுதான் அத்தை வீட்ல மாட்டுச்சு" என்றாள். "நானும் டிரம்மும் மட்டும் இருக்கிற மாதிரி சட்டம் போட்டுக் குடுங்க. டிரம்முக்கு மேல மாட்டப் போறேன்."

"அட்டை வெச்சு அப்பாவை மறைச்சிரலாம். படத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"மறைக்க வேணாம். வெட்டிருங்க. அட்டைக்குப் பின்னாடி அவர் உக்காந்திருக்காருன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது. ரொம்ப நாள் மனசுக்குள்ள அவருக்காக வக்காலத்து வாங்கிட்டிருந்தேன். இனிமே வேணாம்."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்து அறையில் உளி ஓடுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. நெவில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் படத்தை உறையில் போட்டு, பெயரெழுதி, "சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க" என்றேன்.

அன்றிரவிலிருந்து உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். நேற்றுக் காலை தாள்களை நெவிலிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை.

"அழகா வட்டம் வட்டமா இருக்கு. இதுல என் பேரு எங்க?"

காட்டினேன்.

"ட்ரெவர் பேரு?"

அதையும் காட்டினேன். கட்டைவிரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல இதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அவளுக்கும் படிக்கத் தெரியாதுல்ல?"

"தெரியாது, நெவில்."

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. மறைக்க முயன்றார், முடியவில்லை. என் முகமும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் இல்லை. முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். இதை மட்டும் உட்கார்ந்த உடனேயே தமிழில் எழுத வந்துவிட்டது. தாய்மொழியில்தான் உண்மை வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

8.

[இங்கே முடிவு வர வேண்டும்.]

படம் என் மேசையில் இருக்கிறது. அளவு குறித்தாகிவிட்டது. குழந்தையின் வயிற்றின் மேல் இருக்கிற கையை எப்படி வெட்டினாலும் நாலு விரல் மிஞ்சும். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவள் அப்பாவின் விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். வாய் திறந்தால் அந்த வாக்கியம் வருமா என்று தெரியவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். ட்ரெவரைக் குடிகாரன் என்று முதலில் சொன்னது ட்ரெவர். பிறகு சிரில், பிறகு ப்ரெண்டா, பிறகு நெவில், பிறகு நான். இல்லை என்று சொல்ல இதுவரை ஒருவரும் வரவில்லை.

இப்போது உங்களுக்கும் தெரியும். கடை ஆலையின் இரண்டாவது மாடியில், படியேறியதும் இடப்பக்கம். ஜெனீன் நாலு மணிக்கு வருவாள். நான் மூன்றரைக்கு வெட்ட ஆரம்பிப்பேன். யாராவது வந்து சொல்லுங்கள்.